ஏஞ்சலா பதில் சொல்லும் நேரம்

2025 ஜனவரி 8, புதன்

றோய் வந்துவிட்டுப் போனான். முகம் கரிபியன் வெயிலில் கருகி, மூக்கில் தோல் உரிந்திருக்கிறது. ஓகஸ்டில் என் மனுசனோடு பாய்க்கப்பலில் போனவன், தனியே பிளேனில் திரும்பி வந்திருக்கிறான். வரும் திங்கள் புது வேலை தொடங்குகிறதாம். "அண்ணை சுகமா இருக்கிறார் அக்கா. அங்க எல்லாருக்கும் அவரில நல்ல விருப்பம்." இதையே மூன்று தரம் சொன்னான். ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டான்.

ஆக, மரியரட்ணம் என்கிற என் மனுசன், வயது அறுபத்திரண்டு, இப்போது மாங்கோ பே என்ற தீவுத் துறைமுகத்தில் நங்கூரம் போட்ட முப்பத்திரண்டு அடிப் படகில் தன்னந்தனியே இருக்கிறார். மார்ச் முடிவதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். படகின் பெயர் ஏஞ்சலா. விட்பியில் ஒரு கிழவரிடம் வாங்கும்போதே அந்தப் பெயர்தான். படகுக்குப் பெயர் மாற்றக் கூடாதாம், கடற்காரர் வழக்கமாம். முப்பத்து மூன்று வருடம் கிளடிஸ் என்கிற என்னோடு இருந்துவிட்டு ஏஞ்சலாவோடு போய்விட்டார் என்று வேலையிடத்தில் பகிடி விடுகிறேன். நன்றாகச் சிரிக்கிறார்கள்.

றோய் கதவடியில் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டே ஃபோனுக்கு ஒரு லிங்க் அனுப்பினான். அங்கே காலையில் படகுக்காரர் எல்லாரும் றேடியோவில் கூடிக் கதைப்பார்களாம். அதை யாரோ ஒருவர் இன்ரநெற்றிலும் விடுகிறாராம். "நேரமிருந்தால் கேளுங்கோ அக்கா. அண்ணை கதைக்கிறதும் கேக்கும்."

எனக்கு வேறு வேலை இல்லையாக்கும்.

ஜனவரி 11, சனி

கேட்டேன். அங்கே ஏழரை மணி, இங்கே ஆறரை. எங்கள் ஊர் பிக்கரிங் முழுக்க இருட்டு. குசினி மேசையில் ஃபோனைச் சீனிப் பேணியோடு சாய்த்து வைத்துவிட்டுத் தேத்தண்ணியோடு இருந்தேன்.

மார்லீன் என்ற மனுசி நடத்துகிறா. முதலில், யாருக்காவது ஆபத்தோ அவசரமோ உண்டா என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுக்கிறா. பிறகு காற்று, அலை. பிறகு துறைமுகத்தில் நிற்கும் படகுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட, அவரவர் பதில் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட இடாப்புத்தான். பிறகு புதிதாக யார் வந்தது, யார் வெளிக்கிடுவது. கடைசியில் பண்டமாற்று. ஒருவனிடம் மேலதிகமாக ஒரு பம்ப் இருக்கிறது, ஒருத்திக்குப் பாண் சுட ஈஸ்ட் வேண்டும். மனுசருக்குச் சொந்தப் பெயர் இல்லை, படகின் பெயர்தான் ஆளின் பெயர்.

"ஏஞ்சலா, ஏஞ்சலா" என்று கூப்பிட்டா. "ஏஞ்சலா இங்கே. எல்லாருக்கும் காலை வணக்கம்" என்று இவர் இங்கிலிஷில் சொன்னார், பாக்டரியில் யூனியன் கூட்டத்துக்குப் பேசின அதே குரலில். எனக்கு நெஞ்சு அடித்தது. அறுபது வயதை எட்டிப் பிடிக்கிற நேரத்தில் இதென்ன கூத்து.

நான் கேட்பது இவருக்குத் தெரியாது. சொல்லவும் போவதில்லை. பின்னேரங்களில் கடற்கரையில் றம்மாம், டொமினோவாம், யோகா வகுப்பாம். என்ன நடக்கிறது என்று பார்ப்போமே.

ஜனவரி 19, ஞாயிறு

பூசை முடிந்து வந்து வட்ஸ்அப்பில் கதைத்தோம். "எல்லாம் நல்லம் கிளடிஸ். ஒரு குறையுமில்லை." ஞாயிறு தவறாமல் இதே வசனம். அவர் சொல்லாததெல்லாம் எனக்கு றேடியோவில் வந்துவிடுகிறது. வியாழக்கிழமை தண்ணீர்ப் படகு வரவில்லை, எல்லாரும் கான்களைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனார்கள். வெள்ளி இரவு காற்றில் ஒரு படகின் நங்கூரம் இழுபட்டு, படகு பாறைப் பக்கம் போகத் தொடங்கியது. பக்கத்துப் படகுகள் ஹோர்ன் அடித்து எழுப்பியிருக்கிறார்கள். அப்படி எழுப்புவது அங்கே கடமை, எழுப்பப்பட்டவன் அடுத்த நாள் எல்லாருக்கும் நன்றி சொன்னான். எங்கள் கோவில் பங்கில் யார் யாரோடு கோபம் என்பதைவிட மாங்கோ பேயில் யாருடைய மிஷின் பழுது என்பது இப்போது எனக்கு நன்றாகத் தெரியும்.

இதுவரை பிடிபட ஒன்றுமில்லை. யோகாக்காரிக்கு வயது எழுபத்தெட்டாம்.

ஜனவரி 27, திங்கள்

இன்று இவர் காற்று எந்தப் பக்கம் என்று மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் மார்லீன் முதல் தரம் கேட்டதுபோலவே பதில் சொன்னா.

வேலையில் எங்களையும் அப்படித்தான் பதில் சொல்லப் பழக்கியிருக்கிறார்கள்.

பெப்ரவரி 4, செவ்வாய்

சீ பிஸ்கட் என்ற படகின் கணவன் மனைவி நேற்றுக் கரைக்குப் போய் மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள். பார்த்தால் தங்கள் படகில் கேத்தல் கொதித்திருக்கிறது, மூன்று கோப்பை அடுக்கியிருக்கிறது, இவர் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறார். "வாங்கோ வாங்கோ, தேத்தண்ணி றெடி" என்றாராம். அதுவும் வெள்ளைப் படகு, நீலக் கோடு. எங்களுடையதும் அப்படித்தான். தன்னுடைய டிங்கியை, அதுதான் கரைக்குப் போய்வரும் சின்ன றப்பர் படகை, வேறொருவர் படகில் கட்டிவிட்டு ஏறிவிட்டார்.

"இப்படித் தேத்தண்ணி எங்கள் படகில் இதுவரை யாரும் போடவில்லை, ஏஞ்சலா ஒவ்வொரு நாளும் பிழையான படகுக்கு வரலாம்" என்று சீ பிஸ்கட் றேடியோவில் சொல்ல, துறைமுகமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டு பாணுக்குப் பட்டர் பூசினேன். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் இவருடைய சிரிப்பு மட்டும் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். நான் பராமரிப்பு நிலையத்தில் நாலாம் மாடியில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன், மறதி நோய்க்காரர் இருக்கிற மாடி. என்ன நடந்தது என்று விளங்காதபோது அவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள்.

பாணைச் சாப்பிடவில்லை. வேலைக்குப் பிந்திப் போனேன்.

பெப்ரவரி 13, வியாழன்

ஸ்னோ முழங்காலுக்கு வந்துவிட்டது. டிரைவ்வேயைத் தள்ளி முடிக்க ஒன்றரை மணித்தியாலம். நாரி, இடுப்பெல்லாம் விட்டுப்போயிற்று. காதில் றேடியோவைப் போட்டுக்கொண்டுதான் தள்ளினேன். ஏஞ்சலாவின் டிங்கி கயிறு கழன்று வளைகுடா வாயில் மிதந்ததாம், யாரோ பிடித்துக்கொண்டு வந்து கட்டினார்களாம். இந்த மாதத்தில் இது இரண்டாம் தரம். கப்பலில் கட்டுகிற முடிச்சு முழுவதையும் குசினிக் கதிரையில் கட்டிக் காட்டினவர் இவர்.

நானே ஃபோன் எடுத்தேன். "டிங்கி எல்லாம் ஒழுங்கா இருக்கோ?" என்று கேட்டேன். வாய் தவறிவிட்டது. "ஏன் கேக்கிறீர்?" என்றார். "சும்மா" என்றேன். "எல்லாம் நல்லம் கிளடிஸ். ஒரு குறையுமில்லை."

பொய்யர். நான் மட்டும் என்ன? ஒட்டுக்கேட்கிற பொய்க்காரி.

பெப்ரவரி 22, சனி

விட்பிக்குப் போய் றோயைப் பிடித்தேன். மனைவி கஜனி தேத்தண்ணி போடப் போனதும் கேட்டேன். "அண்ணைக்கு என்ன?"

அவன் வாயிலிருந்து எல்லாம் வந்தது. நியூயோர்க் கால்வாயில் ஒரு நாள் காலை, "தம்பி, நாங்கள் எங்க போறம்?" என்று கேட்டாராம். கடலில் இருவரும் மாறி மாறி முழித்திருந்து படகைப் பார்க்கிற காவல் நேரத்தை இருமுறை பிழை விட்டாராம். பாயை இறக்க வேண்டிய இடத்தில் ஏற்றினாராம். "எனக்கு உடன சொல்லியிருக்க வேணுமெல்லே" என்று கத்தினேன். கஜனி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தா.

"சொல்ல மாட்டன் எண்டு சத்தியம் வாங்கிப்போட்டார் அக்கா. அதுதான் லிங்கை மட்டும் தந்தனான்."

கோழைப்பயல். அவன் கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம். திரும்பி வரும்போது யோசித்துப் பார்த்தால், அவன் தந்த லிங்கைத் தவிர எனக்கு இந்த ஒன்றரை மாதத்தில் ஒருவரும் உண்மை சொல்லவில்லை.

மார்ச் 5, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பலோடு வேலைக்குப் போனேன். சாமியாரிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எனக்குத் தெரியும். றேடியோவில் கேட்டு அறிந்ததல்ல. இரண்டு வருடமாகத் தெரியும். ஒரு நாள் இவர் மார்க்கம் றோட்டில் காரை ஓரம் கட்டிவிட்டு, வீட்டுக்கு எந்தப் பக்கம் என்று கேட்கக் கூச்சப்பட்டு, றேடியேற்றர் சூடாகிவிட்டதாகச் சொன்னார். நான் ஒன்றும் கேட்காமல் "நான் ஓட்டுறன், தள்ளுங்கோ" என்றேன். மகள் அனோஜாவின் பிறந்தநாளுக்கு இவர் இரண்டு தரம் கேக் வாங்கி வந்தார். ஒன்றை வேலைக்குக் கொண்டுபோனேன். இன்ன நோய் என்று பெயர் போட்டுச் சொல்லவில்லை. சொன்னால் தொடங்கிவிடும். பகலில் எட்டு மணித்தியாலம் நாலாம் மாடி, பிறகு வீட்டுக்கு வந்தும் நாலாம் மாடி. எத்தனை வருடம்? பத்தா? பதினைந்தா?

படகை வாங்கிக்கொண்டு, ஒரு மாரிகாலம் போய்வரட்டா என்று கேட்டபோது ஓம் என்றேன். ஒரு வார்த்தை மறுக்கவில்லை. அனோஜா, அம்மா எவ்வளவு பெருந்தன்மை என்றாள். பெருந்தன்மையும் மண்ணாங்கட்டியும். களைப்பு. ஒரு மாரிகாலம் இந்த வீட்டில் சத்தமில்லாமல் படுத்தெழும்ப ஆசைப்பட்டேன். வருத்தக்கார மனுசனைக் கடலில் விட்டுவிட்டு நான் நித்திரை கொண்டேன். நல்லா நித்திரை கொண்டனான். அதுதான் உண்மை. நானும் ஒரு மனுசியோ?

மார்ச் 7, வெள்ளி

வெளிக்கிடுகிற படகுகளைக் கேட்டபோது இவர் மைக்கை எடுத்தார். "ஏஞ்சலா செவ்வாய்க்கிழமை தெற்குத் தீவுக்கு. தனியே."

இரவு முழுக்க ஓட வேண்டிய தூரம். மார்லீன், "சரி, ஏஞ்சலா, அதைப் பற்றிப் பிறகு கதைப்போம்" என்றா. ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சொல்வாராக்கும் என்று நினைத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஆறரைக்கு றேடியோவைப் போட்டேன். ஒரு சத்தமும் இல்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். இல்லை. இவருடைய ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. செவ்வாய் என்று சொன்னது மறந்து இரவே வெளிக்கிட்டுவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டேன். துறைமுகத்துச் சனம் எல்லாம் தேடப் போய்விட்டது, அதுதான் றேடியோவில் ஒருவரும் இல்லை. அடுப்புக்கு முன்னால் நிலத்தில் குந்தினேன். மாதாவே, நான் கூட்டிக்கொண்டு வந்து பாக்கிறன், எல்லாம் பாக்கிறன், எனக்கு நித்திரை வேண்டாம்.

ஏழரைக்கு மார்லீன் குரல் வந்தது. காலை வணக்கம், யாருக்காவது அவசரமா என்று. இங்கே கோடைக்காக நேற்றிரவு மணிக்கூட்டை ஒரு மணி முன்னுக்குத் தள்ளியிருக்கிறார்கள், நான் மறந்துபோனேன். தீவில் அந்த வழக்கமில்லை, அங்கேயும் இப்போதுதான் ஏழரை. "ஏஞ்சலா இங்கே" என்றார் இவர், நித்திரைக் குரலில்.

ஒரு மணித்தியாலம் நான் விதவையாக இருந்தேன்.

இடாப்பு முடிந்ததும் லிங்கின் அடியில் இருந்த இலக்கத்துக்கு ஃபோன் எடுத்தேன். ஊருக்கெல்லாம் இவருடைய மானத்தை வாங்குகிறேனே என்று பாதியில் வைக்கப் போனேன். மார்லீன்தான் எடுத்தா. நான் ஏஞ்சலாவின் மனைவி என்றேன். வேறு எப்படிச் சொல்வது? சொல்ல வந்ததைச் சொல்லிமுடிக்க நாலு தரம் திக்கினேன்.

"எங்களுக்குத் தெரியும் கிளடிஸ்" என்றா. "டிசம்பரில் அவரே சொன்னார்." அவசரம் யாருக்கென்று கேட்கிற அந்த நேரத்தில் மைக்கை எடுத்தாராம். எனக்கு ஞாபகம் குறையத் தொடங்கிவிட்டது, நான் பிழையாக ஏதும் செய்யக் கண்டால் நங்கூரம் இழுபட்டதுபோல நினைத்து என்னைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்றாராம். நாற்பது படகுக்கு. முகம் தெரியாத சனத்துக்கு.

"செவ்வாய்க்கிழமை அவர் எங்கும் போகமாட்டார். அவருடைய மிஷினின் தண்ணீர்ப் பம்பை என் கணவர் துப்பரவாக்கித் தருவதாகக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார், அது இல்லாமல் மிஷின் ஓடாது. ஆனால் படகு அவருடையது, கனநாளைக்கு ஏமாற்ற முடியாது. நீங்கள் வந்தால் நல்லது." பிறகு சொன்னா: "நீங்கள் இவ்வளவு நாளும் கூப்பிடாதது எங்களுக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை. உங்களுக்குத் தெரியும் என்று அவர் சொன்னார்."

எனக்குத் தெரியுமென்று அவருக்குத் தெரியும்.

மார்ச் 10, திங்கள்

லீவு எடுத்தாயிற்று. ரிக்கற் புதன்கிழமைக்கு. மேற்பார்வையாளர் காரணம் கேட்டா. மனுசனுக்குச் சுகமில்லை என்றேன். வாய் திறந்து சொன்னது இதுதான் முதல் தரம்.

மார்ச் 12, புதன், மாங்கோ பே

இவரே டிங்கியில் வந்து ஏற்றினார், மார்லீன் முன்னுக்கு இருந்தா. மெலிந்திருக்கிறார். கால் முழுக்கக் காயத் தழும்பு. "லீவு தந்தவையோ?" என்றார். நான் வருகிறேன் என்று நேற்று இரண்டு தரம் சொல்லியிருக்கிறார்கள், இன்று காலையும் சொல்லியிருக்கிறார்கள். ஷேட் மாற்றி, தலை இழுத்திருந்தார்.

படகில் எல்லா இடத்திலும் துண்டு ஒட்டியிருக்கிறது. காஸை மூடு. டிங்கிக் கயிறு, இரண்டு முடிச்சு. விளக்கை அணை. அவருடைய அச்சடித்ததுபோன்ற கையெழுத்து. நான் ஒவ்வொன்றாக வாசிக்கிறதைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பக்கத்துப் படகில் யாரோ உடுப்புக் காயப்போட்டார்கள், ஒருத்தன் தன் நாயைக் கரைக்குக் கொண்டுபோனான், போகிறபோது எங்களுக்குக் கை காட்டினான்.

"எனக்குத் தெரியுமெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"நீர் ஏசுறதை நிப்பாட்டினீர்" என்றார். "முந்தி ஒரு சாவியைத் துலைச்சால் வீடு அதிரும். முந்தின வருஷம் மூண்டு தரம் துலைச்சனான். நீர் ஒண்டும் பறையாமல் தேடி எடுத்து மெல்லமாக் கையில வைச்சனீர். அப்பதான் எனக்குப் பயம் பிடிச்சது."

"இந்தச் சனத்துக்குச் சொல்லலாம், எனக்குச் சொல்லக் கூடாதோ?"

"இஞ்ச நங்கூரம் இழுபட்டால் கூப்பிட்டுச் சொல்லுவினம், நானும் சொல்லுவன். அதில வெக்கமில்லை. உமக்குச் சொன்னால் நீர் என்னோடயும் நாலாம் மாடிக் குரலில கதைக்கத் தொடங்குவீர்." தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அதை மட்டும் என்னால தாங்கேலாது கிளடிஸ்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதோடு கோபமும். என்ன விசர் மனுசன் நீங்கள், வருத்தத்தோட கடலுக்க வாறதோ, கண்டவன்ர படகில ஏறித் தேத்தண்ணி போடுறதோ, நான் அங்க செத்துச் செத்துப் பிழைக்கிறன் — வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். ஏசத் தொடங்கி அரை மணித்தியாலம் ஏசியிருப்பேன். சத்தம் தண்ணீரில் எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியாது. நாய்க்காரன் டிங்கியை நிறுத்திவிட்டான்.

இவருடைய முகத்தில் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

ஏஞ்சலாவை சீ பிஸ்கட்டின் மருமகன் வாங்குகிறார். பெயர் மாற்றமாட்டாராம். இவர் ஒவ்வொரு முடிச்சையும் அவருக்குக் காட்டிக் கொடுத்தார். ஒன்று வரவில்லை. மூன்று தரம் முயன்றுவிட்டுக் கயிற்றை வைத்துவிட்டு முன்பக்கம் போய் இருந்தார். நான் பக்கத்தில் போகவில்லை. போயிருக்க வேண்டுமோ?

மார்ச் 23, ஞாயிறு

பிக்கரிங். குளிர். அனோஜாவுக்கு ஃபோனில் இவரே சொன்னார். அவள் அழுதாள். "அம்மாவுக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டாள். இவர் லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஏப்ரல் 3, வியாழன்

கார்ச் சாவியைத் தானாகவே மேசையில் வைத்தார். பிறகு இரண்டு நாளாகத் தேடுகிறார், நான் ஒளித்துவிட்டேன் என்கிறார். ஏசினேன். அவரும் ஏசினார். நித்திரை இல்லை.

ஏப்ரல் 16, புதன்

ஞாபகக் கிளினிக்குக்கு இன்றுதான் முதல் தரம். டொக்டரைப் பார்க்க முதல், நிரூபா என்ற தாதி, எங்கட தமிழ்ப் பிள்ளைதான், படிவம் நிரப்பினா.

"எப்ப தொடங்கினது அங்கிள்?"

இவர் என்னைப் பார்த்தார். இவருக்கு முன்னால் நான் இதை இன்னும் சொல்லவில்லை. "ரெண்டு வருஷத்துக்கு மேல" என்றேன். "இருபத்து மூண்டாம் ஆண்டு, மார்ச்."

"அன்ரி அப்பவே கவனிச்சனீங்களோ?"

"ஓம்."

"ஏன் அப்ப கூட்டிக்கொண்டு வரேல்லை?" பிள்ளை குற்றமாகக் கேட்கவில்லை. படிவத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது, அதற்குக் கீழே இரண்டு வரி இடம் விட்டிருக்கிறது.

தெரியாமல் போய்விட்டது என்று சொல்லலாம். வேலை என்று சொல்லலாம். பதினெட்டு வருடமாக இந்தக் கேள்விக்குக் குடும்பங்கள் சொல்கிற பொய் எல்லாம் எனக்குப் பாடம். எதைச் சொல்வது என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மேசைப் பக்கம் சாய்ந்தார்.

"அவ களைச்சுப்போனா, பிள்ளை" என்றார். "அதையும் எழுதும்."

நிரூபா பேனையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தா.

"எழுதுங்கோ" என்றேன்.